காசு கொடுத்து வாங்கிய விமானமும் ஐந்திணை ஒழுக்கமும்

கணினித் திரையில் விமானம் ஓட்டுகிறவர்களின் துயரத்தை எல்லோரும் எந்திரக் கோளாறாகவே கருதி வந்திருக்கிறார்கள். மெமரி போதவில்லை, கிராபிக்ஸ் கார்டு பழசு, விண்டோஸைப் புதுப்பிக்கவில்லை என்று ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். நோய் அதுவன்று. இது அகத்திணையைச் சேர்ந்த நோய் என்பதும், இதற்கான இலக்கணம் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. தொல்காப்பியர் காலத்தில் ஜாய்ஸ்டிக் ஏது என்று கேட்பவர்கள், காதலிக்கவும் காத்திருக்கவும் ஜாய்ஸ்டிக் தேவைப்பட்டதில்லை என்பதை நினைவில் கொள்க.

துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-இல் ஐபிஎம் கணினிக்கு வந்தது. அதன் மூலவர் புரூஸ் ஆர்ட்விக். அன்று ஓட்டக் கிடைத்தது ஒரு சின்ன செஸ்னா. புறப்பட, சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுபாதை. ஊர் என்பது சில கோடுகள். யாரும் ஏமாறவில்லை. எதிர்பார்த்திருந்தால்தானே ஏமாற! பிறகு 2020 ஆகஸ்ட் 18 அன்று, பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ நிறுவனம் செய்த புதிய பதிப்பு வந்தது. பூமி முழுவதும் உள்ளே இருந்தது. விமானங்களும் சில இருந்தன. ஆனால் கூடவே வரும் விமானங்களை ரேஷன் அரிசியாகப் பார்ப்பது இத்துறையின் பழக்கம். மானமுள்ளவர் தனியாகக் காசு கொடுத்து ஆட்-ஆன் வாங்குவார். 2022 மே மாதம் வந்த ஃபீனிக்ஸ் ஏ320-இன் விலை 49.99 பவுண்டு. 2024 ஜூனில் வந்த பிஎம்டிஜி 777-இன் விலை 74.99 டாலர். அதாவது உலகத்தை 59.99 டாலருக்கு வாங்கிவிட்டு, அதில் பறக்க ஒரு விமானத்தை அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது.

ஏமாற்றத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவைச் சோதிக்க இயற்கையே ஒரு பரிசோதனை நடத்தித் தந்திருக்கிறது. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 இலவசம். தன்னார்வலர்கள் கூடிச் செய்தது. அது ஓடுபாதையில் முரண்டு பிடித்தால், "பாவம், சும்மா செய்கிற பசங்க, இவ்வளவு செய்திருப்பதே பெரிசு" என்பார் நம் ஆள். அதே முரண்டைக் காசு கொடுத்த விமானம் பிடித்தால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. எனவே கோளாறு விமானத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. உறவு என்று வந்துவிட்டால் பொருளதிகாரம் வந்துவிடுகிறது.

இதில் தலைவி யார், தலைவன் யார்? வாங்குகிறவரே தலைவி. பெரும்பாலும் மீசை வைத்த தலைவி. விமானத்தைச் செய்கிற நிறுவனம் தலைவன். என்னை எனின், பிரிந்து போகிறவனும் பொய் சொல்லித் திரும்புகிறவனும் பரத்தையிடம் போகிறவனும் அவனே ஆகலின். யூடியூபில் விமர்சனம் செய்கிறவர் தோழி. கணினி விசிறியின் இரைச்சல் இத்திணைகளின் பறை.

ஒழுக்கம் முல்லையில் தொடங்குகிறது. இதில் பழைய மரபிலிருந்து விலகுகிறேன். குறிஞ்சியில் கூடிய பிறகுதான் முல்லையில் காத்திருப்பார்கள். இங்கே காணுமுன்பே காத்திருப்பு. முல்லைக்கு உரியது இருத்தல், பெரும்பொழுது கார். பொருள் தேடப் பிரிந்த தலைவன் மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான். மேகம் கூடிவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தோழி தேற்றுகிறாள்: இது கார்காலம் இல்லையடி, காலம் தவறிப் பெய்த மழை, விவரம் தெரியாத கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது. சங்கப் பாட்டில் பலரும் கையாண்ட சூழல் இது. இன்றைய வடிவம் வருமாறு: நிறுவனம் "மூன்றாம் காலாண்டில் வெளியிடுவோம்" என்று அறிவிக்கிறது. செப்டம்பர் முப்பதும் ஆகிவிட்டது. யூடியூப் தோழி காணொளி போடுகிறார்: "ப்ரோ, அவசரப்படாதீங்க. அவங்க சொன்னது நிதியாண்டோட மூணாவது காலாண்டா இருக்கும்." ஈராயிரம் ஆண்டுகளில் தோழியின் தர்க்கம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"இன்னும் இரண்டே வாரம்" என்பது இத்துறையில் நகைச்சுவையாகவே நிலைத்துவிட்ட தொடர். எவ்வளவு காலம் என்று அதை வைத்துக் கணக்கிட முடியாது. அது ஒரு மனநிலை. இந்த வணிகத்தில் சொன்ன தேதிக்குத் தவறாமல் வருவது ஒன்றே ஒன்று: விமான வழித்தடத் தரவு. உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. தேதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டிருக்கின்றன. விமானம் வருவதற்கு முன்பே அதற்கான தரவுக்குச் சந்தா கட்டி, மாதாமாதம் புதுப்பித்துவருகிற தலைவியரும் உண்டு. கற்பு என்றால் இதுதான்.

காத்திருக்கும் காலத்தில் தலைவன் தூது அனுப்பாமல் இல்லை. படங்கள் வரும். ஒரு வாரம் எஞ்சின் விசிறியின் இறக்கைகள். அடுத்த வாரம் சமையலறைத் தள்ளுவண்டியின் கைப்பிடி. அதற்கடுத்து, சக்கரக் கூட்டுக்குள் ஓடும் ஹைட்ராலிக் குழாய்; அதன்மேல் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டின் எழுத்துகூடத் தெரியும். தலைவி அதை நானூறு சதவீதம் பெரிதாக்கி, "படிக்க முடிகிறது!" என்று நெகிழ்கிறார். பறக்கும்போது சக்கரக் கூட்டுக்குள் தலையை நீட்டி யார் அந்தச் சீட்டைப் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பவன் காதலை அறியாதவன். ஆனால் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும்: வி-நேவ் என்கிற இறக்கக் கணக்கு சரியாக வேலை செய்கிறதா என்பதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. காட்ட முடிந்தது குழாய்தான். எனவே குழாய் அழகாக வளர்கிறது.

நிஜ விமானத்தை வாங்குகிறவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? போயிங் 787-ஐ 2007 ஜூலை 8 அன்று ஊரைக் கூட்டி வெளியே உருட்டிக் காட்டினார்கள். ஏழாம் மாதம் எட்டாம் தேதி ஏழாம் ஆண்டு. அமெரிக்க முறையில் எழுதினால் விமானத்தின் பெயரே தேதியாகும் என்று பார்த்துக் குறித்த நாள். நாள் பொருந்தியது, விமானம் பொருந்தவில்லை. அன்று உருண்டு வந்தது பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத கூடு. பல இடங்களில் தற்காலிக ஆணிகள். அந்த ஆண்டே பறக்கும் என்றார்கள்; முதன்முதலில் பறந்தது 2009 டிசம்பர் 15. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனத்துக்கு 2008 மே மாதம் தருவதாகச் சொன்ன விமானத்தை 2011 செப்டம்பரில் தந்தார்கள். 2013 ஜனவரியில் பேட்டரி புகைந்து, உலகிலிருந்த 787-கள் எல்லாம் தரையில் நின்றன. முன்கூட்டிய படம், தள்ளிப்போன வெளியீடு, வந்த பிறகு அவசரத் திருத்தம்: ஆட்-ஆன் வாழ்க்கை வரலாறு அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கிறது. ஆக, விமானத்தைத் தத்ரூபமாகச் செய்துதர வேண்டும் என்ற தலைவியின் கோரிக்கையை நிறுவனங்கள் தாமதத்திலிருந்தே நிறைவேற்றத் தொடங்கிவிடுகின்றன. வேறுபாடு ஒன்றுதான். தாமதத்துக்காக விமான நிறுவனங்கள் போயிங்கிடம் இழப்பீடு வாங்கின. நம் தலைவிக்கு இன்னொரு குழாய்ப் படம் கிடைக்கும்.

குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்று தொல்காப்பியர் வகுத்தது வியப்பூட்டும் துல்லியம். பதிவிறக்கம் நள்ளிரவில்தான் நடக்கிறது. வெளிநாட்டு நேரத்துக்கு வெளியிடுவது ஒரு காரணம், வீட்டார் தூங்கியபின் கிரெடிட் கார்டை எடுப்பது இன்னொரு காரணம். இது களவொழுக்கம். அலர் எழுவதும், அறத்தொடு நிற்பதும் கார்டு பில் வரும் நாளில் நிகழும். "என்னங்க இது, ஆறாயிரத்துச் சொச்சம் எதுக்கு?" என்று இல்லத்தரசி கேட்க, "விமானம்மா" என்று தலைவி உண்மையைச் சொல்லிவிடுகிறார். "டிக்கெட்டா? எங்கே போறோம்?" என்று அவர் முகம் மலர்வதுதான் இந்தத் திணையின் ஒரே சோகம்.

கூடிய முதல் இரவை விவரிக்காமல் விட முடியாது. 737-இன் காக்பிட்டில் விளக்கெல்லாம் அணைந்திருக்கிறது. தலைவி பார்வையை மெல்லத் திருப்புகிறார். த்ராட்டில் நெம்புகோலின் ஓரத்தில் கைபட்டுப் பூச்சுத் தேய்ந்திருக்கிறது. அடடா. மேற்கூரைப் பலகையில் பேட்டரி சுவிட்சின் மூடியைத் தூக்கினால் டக்கென்று ஒரு சத்தம். முழங்காலருகே வெள்ளைக்கோடு போட்ட அந்தக் கறுப்பு ட்ரிம் சக்கரம். ஆட்டோபைலட் வாலைச் சரிசெய்யும்போதெல்லாம் அது கடகடவென்று தானே சுற்றும். நிஜ விமானத்தில் அது பேச்சையே நிறுத்தவைக்கும் சத்தம். தலைவி கண்ணை மூடிக் கேட்கிறார். முகத்தில் முதல் நிழல் விழுகிறது. "கொஞ்சம் மரச்சத்தம் மாதிரி இல்ல?"

அந்தச் சக்கரத்தை அவர் நேரில் கண்டதில்லை என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு காணொளியில், இன்னொருவர் போன் வைத்துப் பதிவுசெய்த சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அதுதான் அவருக்குப் பிரமாணம். விமானப் பயிற்சி நிலையங்களில் கோடிக்கணக்கில் செலவிட்டு வைத்திருக்கும் சிமுலேட்டர்களுக்கு அரசு வான்போக்குவரத்து அமைப்புகள் தரம் பிரித்துச் சான்று தருகின்றன; உச்சத் தரத்துக்கு லெவல் டி என்று பெயர். வீட்டுக்கு விற்கும் ஆட்-ஆன்களுக்கு 'ஸ்டடி லெவல்' என்று ஒரு பட்டம் வழங்குகிறது. இதை எந்த அமைப்பும் தருவதில்லை. ரசிகர்கள் கூடி, கலைமாமணி பட்டத்தைவிடத் தாராளமாக வழங்குகிறார்கள். அதே கூட்டம் மறுவாரம் பறித்தும்விடுகிறது.

எதிர்பார்ப்பின் உள்முரணை இங்கேதான் பதிவுசெய்ய வேண்டும். எல்லாம் நிஜம்போல இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கிய தலைவி முதலில் திறப்பது அமைப்புப் பக்கத்தை. நிஜ 737-இல் ஐஆர்எஸ் கருவி தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து நிலைகொள்ள ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். அதை அவர் சில நொடிகளாகக் குறைக்கிறார். கடலுக்கு மேலே போகும்போது காலத்தை நாலு மடங்கு வேகமாக்குகிறார். அல்லது, இறங்கத் தொடங்கும் புள்ளியில் தானே நின்றுகொள்ளும்படி குறித்துவிட்டுப் படுக்கப் போகிறார். ஆம், தலைசிறந்த ஆட்-ஆன்களில் அதற்கு ஒரு பெட்டி உண்டு, அதில் ஒரு டிக் போட்டால் போதும். முன்னூறு பயணிகள் நடுவானில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்க, விமானி காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வந்து ஹீத்ரோவில் இறக்குகிறார். இறக்கியதும் எழுதுகிறார்: "ஜன்னல் வைப்பரின் வேகம் நிஜத்தைப் போல இல்லை."

இதனால் பெறப்படுவது யாதெனின், தலைவி வேண்டுவது நிஜம் அன்று. நிஜத்தைக் கேட்கும் உரிமை. அவர் தொடவே போகாத சுவிட்சும் வேலை செய்யவேண்டும், ஏனெனில் என்றாவது ஒரு நாள் தொடக்கூடும். இதைக் கேலியாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். வீட்டில் பூஜைப் பாத்திரத்தை வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் அது ஓட்டையாக இருப்பதை யார் பொறுத்துக்கொள்வார்?

மருதம் இத்துறையின் வளமான நிலம். உரியது ஊடல், பொழுது வைகறை. இரவெல்லாம் ஓட்டி விடியலில் இறங்க முயன்று தோற்றவர்கள் அந்த நேரத்துக்குச் சாட்சி. மருதத் தலைவனின் குற்றம் என்ன? வீட்டில் ஒருத்தி இருக்க, பரத்தையர் சேரிக்குப் போவது. 2022-இல் ஒரு பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் 737 விற்றது. காக்பிட் ஓரத்தில் இருக்கவேண்டிய டேப்லெட் பின்னால் வரும் என்றது. தலைவி காத்திருந்தார். டேப்லெட் 2024-இல் வந்தது, அந்நிறுவனத்தின் அடுத்த விமானமான 777-க்குள். தலைவியின் வளையல் பரத்தையின் கையில்! இதற்குமேல் மருதத்துக்கு உரை எழுதத் தேவையில்லை.

ஊடல் தீர்க்கத் தலைவன் தானே வருவதில்லை, வாயில்களை அனுப்புவான். பாணன், விறலி, பார்ப்பான் என்று பழைய பட்டியல் உண்டு. இன்று அதற்கு ஒரு பதவியே இருக்கிறது, கம்யூனிட்டி மேனேஜர் என்று. அவரது பாட்டுக்கு மூன்று ராகம். முதலாவது, "குழுவிடம் தெரிவித்திருக்கிறேன்." இரண்டாவது, "எங்களிடம் இந்தச் சிக்கல் வரவில்லையே." மூன்றாவது, எல்லாவற்றையும் வெல்லும் ராகம்: "நிஜ விமானத்திலும் இப்படித்தான்." விமானம் இறங்கவேண்டிய இடம் தாண்டியும் உயரத்திலேயே மிதக்கிறதா? நிஜத்திலும் 737-இன் வி-நேவைப் பற்றி விமானிகள் முணுமுணுப்பதுண்டு. குறை நிஜமா, குறையின் நகலா என்று பிரித்தறிய ஓர் அளவுகோலும் தலைவியிடம் இல்லை. அதனால்தான் வாக்குவாதங்களில் திடீர் திடீரென ஒரு மச்சானோ ஒன்றுவிட்ட சித்தப்பா மகனோ நிஜ விமானியாக முளைத்துவிடுகிறார். ஒரே சுவிட்சுக்கு இரு தரப்பிலும் மச்சான்கள் மோதிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே தலைவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். எல்லாக் குறையும் அவன் செய்ததல்ல. 2020 பதிப்பில், முழுமையான வானிலை ராடார் செய்யத் தேவையான தரவைச் சிமுலேட்டர் பல காலம் வெளியாருக்குத் தரவில்லை. ஆகவே ராடாரைச் சாய்க்கும் குமிழ் சுழலும், ராடார் சாயாது. குமிழைச் செதுக்கியவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அந்தக் குமிழ் பொம்மைதான் என்று விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் சொல்வதை எந்தத் தரவு தடுத்தது? என் தீர்ப்பு இதில் தலைவிக்குச் சாதகமானது.

ஊடல் சந்தேகமாக முற்றிய ஒரு நிகழ்வும் உண்டு. 2018 பிப்ரவரியில், ஃப்ளைட் சிம் லேப்ஸ் நிறுவனத்தின் ஏ320-ஐ நிறுவும் கோப்புக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் கருவி ஒன்று இருப்பதை வாடிக்கையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். திருட்டுப் பிரதியைப் பயன்படுத்திய ஒரு குறிப்பிட்ட ஆளைப் பிடிக்க வைத்த பொறி அது, மற்றவர்களைத் தொடாது என்று நிறுவனம் விளக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் நீக்கியது. தலைவி தலைவனைச் சந்தேகிப்பதற்குத்தான் துறை வகுத்திருக்கிறார்கள். தலைவியின் அலமாரியைத் தலைவன் குடைவதற்குத் தொல்காப்பியத்தில் சூத்திரம் கிடைக்கவில்லை.

நெய்தல் இரங்கல். பணம் திரும்பக் கேட்கும் கட்டம். ஸ்டீம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், வாங்கியபின் மூல விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் கேட்கலாம். நியாயமான விதிதான், துப்பாக்கி விளையாட்டுக்கு. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏழெட்டு மணி நேரம். இரண்டு மணியில் அயர்லாந்தைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். விமானம் ஒழுங்காக இறங்குமா என்று தெரியவரும்போது கடை சாத்தியாயிற்று. கரையில் நின்று புலம்பலாம்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்கள் வறண்டுதான் பாலை ஆகும். இத்துறை வறண்ட நாளும் உண்டு. 2024 நவம்பர் 19 அன்று சிமுலேட்டரின் அடுத்த பதிப்பு வந்தது. முதல் நாள் சர்வர்கள் திணறி, பலர் ஏற்றுதிரையையே பார்த்துக்கொண்டு மாலையைக் கழித்தார்கள். உள்ளே போக வழியில்லாத அந்த நிலையிலும் தலைவியர் கேட்ட கேள்வி, பழைய விமானம் புதியதில் ஓடுமா, ஓட இன்னொரு தரம் காசு கட்டவேண்டுமா என்பதே. சிலர் இலவசம் என்றார்கள், சிலர் தள்ளுபடி என்றார்கள், சிலர் இரண்டே வாரம் என்றார்கள்.

ஐந்திணைக்கு வெளியே கைக்கிளையும் பெருந்திணையும் இருக்கின்றன. கைக்கிளை எளிது: யாருமே செய்வதாகச் சொல்லாத விமானத்தை, எந்த அறிவிப்பின் கீழும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. பெருந்திணை பொருந்தாக் காதல். எட்டு ஜிபி மெமரிக் கணினியில் 777-ஐ ஏற்ற முயல்கிறவர் இதில் அடங்குவார். இளமை கடந்தபின் வரும் காதலையும் பழைய இலக்கணம் இதில்தான் சேர்த்தது. பணி ஓய்வுப் பணத்தில் ஸ்டியரிங், பெடல், த்ராட்டில் எல்லாம் வாங்கி மேசையில் திருகி வைத்திருக்கும் பெரியவர்களை மனத்தில் கொண்டு எழுதியதுபோலவே இருக்கிறது.

பெருந்திணையின் சிகரம் மடலேறுதல். காதல் கைகூடாதவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, அதன்மேல் ஏறி ஊர்த்தெரு வழியே தன் மானத்தைத் தானே கப்பலேற்றுவான். இன்றைய மடல் ஒற்றை நட்சத்திர விமர்சனம். நாலு பக்கம், பதினோரு ஸ்க்ரீன்ஷாட், வட்டம் போட்டுக் காட்டிய ஒரு திருகாணி. பழைய ஊரார் இரக்கப்பட்டு, பெண் வீட்டில் பேசி மணம் முடித்து வைப்பார்களாம். இன்றைய ஊரார் நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணிப் பாத்தீங்களா?"